படியில் சேராதவை

சித்தூர் நகரின் ஓரமாக ஓடும் நீவா ஆறு, தெற்கு நோக்கி இறங்கிப் பொன்னையாறு என்னும் பெயருடன் பாலாற்றில் சேர்கிறது. அவ்வாற்றின் கரையில் திருவல்லம் என்னும் ஊர் இருக்கிறது. 1911-ஆம் ஆண்டு வரையில் சித்தூரும் திருவல்லமும் ஒரே வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டத்தின் தலைநகரும் சித்தூரே. திருவல்லத்துச் சிவன் கோயிலில் பல்லவர் காலத்துக் கொடையைக் கூறும் கல்வெட்டு ஒன்று உண்டு. விமானத்தை இறக்கி மீண்டும் எடுப்பதற்கு முன்னர் அங்கே இருந்த கல்வெட்டின் படி இது என்னும் செய்தி அதன் தொடக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பழைய சுவரை இடித்தவர்கள், சுவரில் இருந்த எழுத்தை இடிபாடுகளோடு போகவிடவில்லை. எழுத்தைப் படியெடுத்தார்கள், புதிய சுவரில் பொறித்தார்கள், அது மூலம் அன்று, படியே என்பதையும் மறவாமல் எழுதினார்கள்.

திருமலையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 13-ஆம் நூற்றாண்டில், யாதவராய மன்னர் காலத்தில் கோயில் புதுப்பிக்கப்பட்டபோது பழைய கல்வெட்டுகள் மீண்டும் பொறிக்கப்பட்டன. சாமவை என்னும் அரசகுலப் பெண்மணி வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்த செய்தியை நாம் இன்று படிக்க முடிவது, அந்த மறுபடியின் உதவியால்தான். திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தேவஸ்தானத்தார் 1930-களில் அவற்றைப் படியெடுத்துத் தொகுதிகளாக வெளியிட்டனர். ஆகவே, படியெடுத்துக் காத்தல் என்பது நமது பக்கத்து ஊர்களுக்கு மிகவும் பழகிய தொழில் எனலாம்.

இன்று கணிப்பொறி வைத்திருப்போரில் பலர் இத்தொழிலைப் பொறியிடமே ஒப்படைத்துவிட்டோம். குறித்த நேரத்தில் பொறி தானாகவே நமது கோப்புகளை வேறொரு தட்டில் படியெடுத்து வைக்கிறது. இதனைப் பேக்கப் என்று வழங்குகிறார்கள். காப்புப் படி என நாம் தமிழில் கூறுவோம். இத்தானியங்கிப் படியில் எவை சேர்கின்றன, எவை விலக்கப்படுகின்றன, விலக்கப்படுபவற்றுள் எவற்றை நாமாக முயன்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பவை பற்றி இங்கே சற்று ஆராய்வோம். இது பொறியாளர்க்கு மட்டும் உரிய பொருள் அன்று. ஊரைவிட்டு வந்து, ஊரின் நினைவையும் மொழியையும் கணிப்பொறிக்குள் வைத்துக் காத்து வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. நாம் இதனை உணர்ந்தது நூல்களைப் படித்து அன்று, இழந்து உணர்ந்தோம்.

நமக்கு அலுவல் திருப்பதியில், இல்லம் சித்தூரில். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். மத்திய அரசில் மொழிபெயர்ப்பு நமது பணி. கலைப் பிரிவில் பட்டம் பெற்ற நமக்குக் கணிப்பொறியின் உள்ளமைப்பு பற்றிய கல்வி ஏதும் இல்லை. ஆயினும் எச்சரிக்கை மிகுந்தவர் என்ற பெயர் நண்பர்களிடையே இருந்தது. இல்லத்துக் கணிப்பொறியுடன் ஒரு தனித் தட்டை இணைத்து, மணிக்கு ஒருமுறை படியெடுக்கும்படி ஏற்பாடு செய்திருந்தோம். அந்த ஏற்பாட்டைச் செய்த நாளிலிருந்து அதனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

2023-ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் காலையில் கணிப்பொறியின் உள்தட்டு பழுதாயிற்று. புதிய தட்டை வாங்கிப் பொருத்தினோம். பழுது பார்க்க வந்த இளைஞர் தெலுங்கர். சித்தூர்க்காரராதலால் தமிழும் நன்றாகப் பேசுவார். காப்புப் படியிலிருந்து கோப்புகளை மீட்டு முடித்ததும், “சார், உங்கள் கோப்பு ஒன்றுகூடப் போகவில்லை, எண்ணிப் பாருங்கள்” என்று மகிழ்ச்சியுடன் கூறினார். எண்ணிப் பார்த்தோம். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. மாலையில் அவற்றைத் திறந்து பார்த்தபோதுதான் இரண்டு இழப்புகள் தெரியவந்தன.

முதலாவது, சொற்பட்டியல். கணிப்பொறியில் தட்டச்சு செய்யும்போது, பொறி அறியாத சொல்லின் அடியில் சிவப்புக் கோடு தோன்றுவதை நேயர்கள் அறிவார்கள். அச்சொல் சரியானதே என்று நாம் தெரிவித்தால், பொறி அதனைத் தன் அகராதியில் சேர்த்துக்கொள்ளும். பதினொரு ஆண்டுகள் நாம் இவ்வாறு சேர்த்து வந்தோம். பலமநேர், பங்காருபாளையம், காணிப்பாக்கம், நாராயணவனம், சந்திரகிரி என்று நமது வட்டாரத்து ஊர்ப்பெயர்கள், பத்திரங்களிலும் நில ஆவணங்களிலும் வரும் சொற்கள், அலுவலகத்தில் பலகாலம் விவாதித்து உறுதி செய்த கலைச்சொற்கள் ஆகியவை அதில் இருந்தன. ஏறத்தாழ நாலாயிரம் சொற்கள் இருக்கும். புதிய தட்டில் முதல் பக்கத்தைத் திறந்தபோது ஒவ்வொரு வரியிலும் சிவப்புக் கோடுகள் நிறைந்திருந்தன. அகராதியில் ஒரு சொல்கூட இல்லை.

இரண்டாவது, மாமாவின் கடிதங்கள். நமது தாய்மாமன் 1974-ஆம் ஆண்டில் வேலையின் பொருட்டுச் சித்தூரைவிட்டு நாகபுரிக்குச் சென்றவர். ஓய்வு பெற்றபின் கணிப்பொறியில் தமிழ்த் தட்டச்சு பழகினார். 2003 முதல் 2009 வரையில் அவர் எழுதி அனுப்பிய அறுபத்தொரு கடிதங்கள் நம்மிடம் இருந்தன. எந்தத் தெருவில் எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்து குடியேறிற்று, எந்தக் கிணற்று நீர் எந்த ஆண்டில் உப்பாயிற்று, பாட்டியார் தாலாட்டில் யார் யாருடைய பெயர்கள் வரும் என்பவற்றையெல்லாம் அவர் நினைவிலிருந்து எழுதினார். 2010-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அக்கடிதங்கள் யாவும் காப்புப் படியிலிருந்து குறையின்றி வந்திருந்தன. ஆனால் திறந்தபோது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பிறைக்கோடுகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தன.

இது எதனால் நேர்ந்தது என்பதைச் சிறிது விளக்குவோம். இன்று உலகமெங்கும் தமிழுக்கு யூனிகோடு என்னும் பொது முறை வழங்குகிறது. 1991-இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்குத் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆயினும் அம்முறை மக்களிடம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. விண்டோஸ் கணிப்பொறிகளில் விண்டோஸ் 2000 பதிப்பில்தான் லதா என்னும் எழுத்துருவுடன் அது இடம்பெற்றது. அதற்கு முன்னரும், அதன் பின்னர் நெடுங்காலமும், தமிழர்கள் வேறொரு வழியைக் கையாண்டனர். ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்து எழுத்துருக்களை உருவாக்கினர். சான்றாக, பாமினி என்னும் எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல்லைத் தட்டச்சு செய்தால், கணிப்பொறி தன் நினைவில் வைத்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லையேல் தமிழும் இல்லை.

பாமினி போன்று பெருவழக்கில் இருந்த எழுத்துருக்களை இன்றும் எளிதில் பெறலாம். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளும் உண்டு. 1999-இல் தமிழ்நாட்டு அரசு தாம், தாப் என்னும் இரு குறியீட்டு முறைகளைத் தரப்படுத்தியது. 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனால் இவற்றுக்கெல்லாம் அப்பால், அச்சகத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று என்று தனித்தனி அமைப்புள்ள எழுத்துருக்கள் பல இருந்தன. மாமா பயன்படுத்தியது அத்தகைய ஒன்று. அச்சுத் தொழிலில் இருந்த நண்பர் ஒருவர் நெகிழ்தட்டில் தந்ததாக ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருந்தார். அதற்குப் பொருந்தும் மாற்றுக் கருவி எங்கும் கிடைக்கவில்லை.

கடிதங்கள் பத்திரமாக இருந்தும் அவற்றைப் படிக்க உதவும் எழுத்துரு மட்டும் ஏன் படியில் சேரவில்லை? இங்கேதான் நமது பொருளின் மையத்துக்கு வருகிறோம்.

நாம் பயன்படுத்தியது ஃபைல் ஹிஸ்டரி என்னும் வசதி. 2012-இல் வந்த விண்டோஸ் 8 பதிப்பிலிருந்து அது வழங்கி வருகிறது. ஆவணங்கள், படங்கள், இசை, காணொளி, மேசைத்திரை முதலிய இடங்களில் உள்ளவற்றை மணிக்கு ஒருமுறை அது படியெடுக்கும். இவை பயனருடைய பொருள்கள் என்பது அதனைச் செய்தவர்களின் கருத்து. எழுத்துருக்களோ விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்னும் இடத்தில் இருக்கின்றன. ஆகையால் அவை கணிப்பொறியின் உடைமைகளாகக் கருதப்பட்டன. நமது சொற்பட்டியல் ஆப்டேட்டா என்னும் மறைவுக் கோப்புறைக்குள் இருந்தது. வழக்கமான பார்வையில் அக்கோப்புறை நம் கண்ணுக்கே தோன்றாது. ஆகையால் அதுவும் படியில் சேரவில்லை. நாம் எழுதியவை நம்முடையவை. எழுதப் பயன்பட்டவை பொறியுடையவை என்று பொறி பாகுபாடு செய்துகொண்டது. அந்தப் பாகுபாட்டை நாம் ஒருநாளும் கேட்டறியவில்லை.

இது ஒரே நிறுவனத்தாரின் வழக்கம் அன்று. மேக் கணிப்பொறிகளில் 2007 முதல் டைம் மெஷின் என்னும் வசதி உண்டு. ஒரு நாளைக்கு மணிக்கணக்கிலும், ஒரு மாதத்துக்கு நாள் கணக்கிலும், அதற்குமேல் வாரக் கணக்கிலும் படிகளை வைத்திருக்கும் நேர்த்தியான அமைப்பு அது. அதற்கும் உள்ளே ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. தற்காலிகக் கோப்புகள், பொறியின் நிகழ்ச்சிப் பதிவேடுகள், குப்பைத் தொட்டி, தேடல் அட்டவணை முதலியவை அதில் அடங்கும். நாமாகச் சேர்க்கும் விலக்குகள் அமைப்புத் திரையில் தோன்றும். பொறியுடன் பிறந்த விலக்குகள் அங்கே தோன்றுவதில்லை. அன்றியும், மென்பொருள் செய்வோர் தம் கோப்புகளில் எவையேனும் படியெடுக்கத் தக்கவை அல்ல எனத் தாமே குறித்து வைக்கவும் அங்கே வழி உண்டு.

இப்படி விலக்கி வைத்தவர்களை நாம் குறை கூறலாகாது. அதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. கணிப்பொறி தன் நினைவகம் போதாதபோது எழுதிக்கொள்ளும் பக்கக் கோப்பு என்று ஒன்று உண்டு. பொறி உறங்கும்போது நினைவகத்தை அப்படியே எழுதி வைக்கும் கோப்பு என்று மற்றொன்று உண்டு. இவை அளவில் மிகப் பெரியவை. அடுத்த முறை பொறியை இயக்கியதும் புதிதாக எழுதப்படுபவை. இவற்றைப் படியெடுத்து வைத்தால் தட்டு நிரம்புமேயன்றி ஒரு பயனும் இல்லை. இணையப் பக்கங்களின் தற்காலிகச் சேமிப்பும் அத்தகையதே. மேலும், பொறி இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும் கோப்பைப் படியெடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக அமைந்துவிடக்கூடும். இக்குறையைத் தவிர்க்க, ஒரு கணத்தின் நிலையை உறையவைத்துப் படியெடுக்கும் முறைகள் பின்னர் வந்தன. விண்டோஸின் பதிவகத்தில் படியெடுக்கக்கூடாத கோப்புகளுக்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது. மீண்டும் உண்டாகக்கூடியதை விட்டுவிடு என்பதே அப்பட்டியல்களின் அடிப்படை விதி.

அவ்விதி சரியானதே. ஆனால் எது மீண்டும் உண்டாகும், எது உண்டாகாது என்பதைப் பொறி செய்தவர் எங்கோ இருந்துகொண்டு எல்லார்க்கும் பொதுவாக முடிவு செய்கிறார். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோருக்கு எழுத்துரு எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருள். பழைய தமிழ்க் கோப்புகளை வைத்திருப்போருக்கு அது உலகில் ஒரே ஒரு படியாக இருக்கக்கூடும். அகராதியில் சேர்த்த சொற்கள் ஒருவர்க்கு வெறும் வசதி; மொழிபெயர்ப்பாளர்க்கு அவை பதினொரு ஆண்டு உழைப்பு. பொதுப் பட்டியலில் நம்முடைய சிறப்புத் தேவை இடம்பெறாதது இயல்பு. அதனை இடம்பெறச் செய்வது நமது கடமை.

உள்ளடக்கத்தைக் காத்து, அதற்கு உயிரூட்டியதைக் காவாமல் விட்ட செய்தி ஒன்று திருமலையிலேயே உண்டு. 1503-இல் மறைந்த தாள்ளபாக்கம் அன்னமாசாரியாரின் கீர்த்தனைகளை அவருடைய மகனார் பெரிய திருமலாசாரியார் காலத்தில் செப்பேடுகளில் பொறித்து, கோயிலுக்குள்ளே சங்கீர்த்தன பண்டாரம் என்னும் அறையில் வைத்தார்கள். நூற்றாண்டுகள் பல கழிந்து அவை வெளிவந்தபோது பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. பனையோலையாயின் இவ்வளவு காலம் நின்றிராது. இன்ன ராகம் என்ற குறிப்பும் பாடல்களின் தலைப்பில் இருந்தது. ஆனால் அவற்றைப் பாடிய மெட்டு செப்பில் ஏறவில்லை. மெட்டு பாடுவோரின் குரலில் இருப்பது, அது எங்கே போய்விடும் என்று அக்காலத்தவர் எண்ணியிருக்கலாம். பாடும் வழக்கு அறுந்தபோது மெட்டும் மறைந்தது. பின்னர் இருபதாம் நூற்றாண்டில் ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி முதலிய வித்துவான்கள் பல பாடல்களுக்குப் புதிதாக மெட்டமைத்தனர். இன்று நாம் கேட்டு மகிழும் இசையில் பெரும்பகுதி அவர்களுடைய அருமையான உழைப்பின் பயன். எனினும் அன்னமாசாரியார் பாடிய மெட்டுகள் நமக்கு எட்டவில்லை.

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை என்று காண்போம்.

முதலாவதாக, நமது காப்புப் படியில் எவை சேர்கின்றன என்னும் பட்டியலை ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும். அமைப்புத் திரையில் அது இருக்கும். அதில் காணப்படாத இடங்களில் நமக்குரியவை ஏதேனும் உண்டா என்று தேட வேண்டும். பெரும்பாலும் கீழ்க்கண்டவை அவ்வாறு அகப்படும்: நாமாக நிறுவிய எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்புகள், நாம் சொற்களைச் சேர்த்த அகராதி, சுருக்கெழுத்தாக வைத்த தானியங்கித் திருத்தப் பட்டியல், கடிதங்களுக்கான மாதிரிப் படிவங்கள், கணிப்பொறியிலேயே இறக்கி வைத்த மின்னஞ்சல்கள், இணைய உலாவியில் குறித்து வைத்த பக்கங்கள் ஆகியவை. நாம் சேர்த்த சொற்களின் கோப்பு மிக எளியது. வரிக்கு ஒரு சொல்லாக எழுதிய வெற்றுரைக் கோப்பு அது. ஒரு புகைப்படத்துக்கு வேண்டிய இடத்தில் அத்தகைய கோப்புகள் பல அடங்கிவிடும். அவ்வளவு சிறிய பொருளைத்தான் நாம் இழந்தோம்.

இரண்டாவதாக, அவற்றைப் படியில் சேர்க்க வேண்டும். கணிப்பொறியின் உள்ளமைப்புப் பட்டியலைத் திருத்த வேண்டுமென்பதில்லை. பழக்கமில்லாதோர் அதில் கைவைப்பது தீங்காகவும் முடியலாம். அண்மைக் காலத்து மேக் கணிப்பொறிகளில் அமைப்புப் பகுதி முத்திரையிட்டுப் பூட்டப்பட்டிருப்பதால் அது இயல்வதும் அன்று. நாம் கண்ட எளிய வழி வேறு. ஆவணங்கள் என்னும் கோப்புறைக்குள் ‘கருவிகள்’ என ஒரு கோப்புறையை ஏற்படுத்தினோம். மறைவிடங்களில் உள்ள மேற்சொன்ன கோப்புகளை வாரத்துக்கு ஒருமுறை அங்கே படியெடுக்குமாறு பொறிக்குக் கட்டளையிட்டோம். விண்டோஸில் உள்ள ரோபோகாப்பி என்னும் சிறு நிரலும் நேரந்தவறாமல் வேலைகளை நடத்தும் பணி அட்டவணையும் இதற்குப் போதும். தெரிந்தவர் ஒருவர் அரைமணி நேரத்தில் அமைத்துத் தருவார். ‘கருவிகள்’ ஆவணங்களுக்குள் இருப்பதால் வழக்கமான காப்புப் படி அதனையும் தன்னோடு கொண்டு செல்லும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மறைவுக் கோப்புறைகளில் கடவுச்சொற்களும், பல தளங்களில் நாம் நுழைந்திருப்பதற்கான அடையாளங்களும் இருக்கக்கூடும். எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளாமல் வேண்டியவற்றை மட்டும் தெரிந்தெடுப்பதே முறை. முழுவதையும் படியெடுப்போர் அத்தட்டை மறையாக்கம் செய்து பூட்டி வைத்தல் நன்று.

மூன்றாவதாக, மீட்டுப் பார்க்க வேண்டும். படி எடுத்தாயிற்று என்பது வேறு. படி பயன்படும் என்பது வேறு. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாகத் தலைமைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அங்கே ஐந்து வகையான காப்பு ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் அவற்றில் ஒன்றும் சரிவர உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னர் வேறொரு காரணத்துக்காகக் கையால் எடுத்திருந்த படியே அவர்களைக் காத்தது. தேர்ந்த பொறியாளர்களுக்கே இந்நிலை நேரும் எனில் நம்மைப் போன்றோர் கூடுதலான கவனத்துடன் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் காப்புத் தட்டை வேறொருவருடைய கணிப்பொறியில் இணைத்து, பழைய கடிதம் ஒன்றைத் திறந்து வாசித்துப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருப்பதைக் கண்டு திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

நான்காவதாக, பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள்; மாற்றிய பின்னரும் மூலத்தையும் எழுத்துருவையும் உடன் வையுங்கள். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பாகவும் ஒரு படி இருக்கட்டும். அவற்றுள் ஒரு படியை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு உறவினர் வேறு ஊர்களில் இருப்பது ஒரு குறையாகவே தோன்றி வந்திருக்கிறது. இந்த ஒன்றில் அது நமக்குத் துணையாகிறது.

அத்துணையின் பயனை நாமே கண்டோம். மாமாவின் கடிதங்கள் படிக்க இயலாமற் போனபின், நாகபுரியில் உள்ள அத்தையாரைத் தொலைபேசியில் அழைத்தோம். மாமாவின் பழைய கணிப்பொறி என்னவாயிற்று என்று தயங்கிக் கேட்டோம். “அதைப் பரண்மேல் ஏற்றி வைத்திருக்கிறேன், கண்ணு. மாமா தொட்ட பொருளை எடைக்குப் போட மனம் வரவில்லை” என்றார் அத்தை. அங்குள்ள ஓர் இளைஞரைக் கொண்டு அதனை இறக்கி, தட்டை மட்டும் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்தோம். எழுத்துருக் கோப்புறைக்குள் அந்தக் கோப்பு இருந்தது. அறுபது கிலோபைட்டுக்கும் சற்றுக் குறைவு. அதனைப் பெற்று இங்கே நிறுவிய மாலையில் அறுபத்தொரு கடிதங்களும் தமிழாயின. முதற் கடிதத்தை அத்தைக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினோம். நடுவில் ஓரிடத்தில் பாட்டியார் தாலாட்டு வந்தது. நாம் படிப்பதை நிறுத்தியபோது, எஞ்சிய வரிகளை அத்தையே சொல்லி முடித்தார்.

சொற்பட்டியல் திரும்பி வரவில்லை. அதற்கு வேறெங்கும் படி இல்லை. மீண்டும் முதற் சொல்லிலிருந்து தொடங்கியிருக்கிறோம். சிவப்புக் கோடு தோன்றும் ஒவ்வொரு முறையும் ஊர்ப்பெயரைச் சேர்த்து வருகிறோம். இதுவரை எழுநூறு சொற்கள் சேர்ந்துள்ளன. முன்பிருந்த நாலாயிரத்தில் எவையெவை இருந்தன என்பது நமக்கே நினைவில் இல்லை; நினைவில் இருத்த வேண்டாம் என்றுதானே பொறியிடம் ஒப்படைத்தோம்.

‘கருவிகள்’ கோப்புறையில் இப்போது ஒரு சிறு குறிப்பும் வைத்திருக்கிறோம். இவை இன்ன கணிப்பொறியிலிருந்து இன்ன நாளில் எடுத்த படிகள், இக்கடிதங்களைப் படிக்க இன்ன எழுத்துரு வேண்டும், அது இங்கேயே இருக்கிறது என்பது அக்குறிப்பு. திருவல்லத்தில் கல்வெட்டைப் படியெடுத்தவர் தாம் செய்தது படி என்று எழுதி வைத்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. அக்கோப்புறையின் படி ஒன்று சித்தூரில் இருக்கிறது. மற்றொன்று நாகபுரியில் அத்தை வீட்டில் இருக்கிறது.

நேயர்களே, இன்றிரவும் உங்கள் கணிப்பொறி தன் வழக்கப்படி படியெடுக்கும். அதற்கு முன்னர் ஒரு நாழிகை ஒதுக்கி, அது எவற்றை விட்டுவிடுகிறது என்று பாருங்கள். விடப்பட்டவற்றுள் உங்கள் வீட்டுத் தமிழ் இருக்கக்கூடும்.